லாப்ஸ்டர் ஆம்பளயா பொம்பளயா? புரட்டிப் பாத்து சொல்றது எப்படி

போன வருசம் எங்க நாத்தனார் குடும்பத்தோட சிங்கப்பூர்லருந்து வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு வீம்பு வந்துருச்சு. எப்பப் பாத்தாலும் ஆட்டுக்கறி பெரட்டலும் நண்டு கறியும்தானா, இந்தத் தடவ லாப்ஸ்டர், இங்க மலாய்ல உடாங் காரான்னு சொல்றத, சமைச்சுக் காட்டணும், அதுவும் சினை உள்ள பொட்டையா பாத்து வாங்கி அந்தச் சினைய சம்பல்ல கரைச்சு விடணும்னு. முந்தின நாள் ராத்திரி போன்ல ஒரு வீடியோ பாத்தேன், வெள்ளக்காரர் ஒருத்தர் லாப்ஸ்டர திருப்பிப் போட்டு, வாலுக்கு அடியில முதல் ஜோடி துடுப்பத் தொட்டுப் பாருங்க, கெட்டியா இருந்தா ஆம்பள, மெத்துன்னு இருந்தா பொம்பளன்னு சொன்னாரு. அவ்ளோதானா, இதுல என்ன இருக்குன்னு காலையில இங்க மலேசியாவுல எங்க பட்டர்வொர்த் பசாருக்குப் போயி தவுக்கேசோ, அதான் கடை முதலாளியம்மா, முன்னாடி நாலு உடாங் காராவ ஒவ்வொன்னா திருப்பித் தொட்டுப் பாத்தேன். நாலும் மெத்துன்னு இருந்துச்சு. நாலும் பொம்பளதான்னு முடிவு கட்டி பெருமையா வாங்கிட்டு வந்தேன்.

வீட்ல வெட்டினா ஒன்னுலயும் சினை இல்ல. உள்ள வெள்ளையா, சேமியாவ சுருட்டி வெச்ச மாதிரி கொழாய்தான் இருந்துச்சு. "பரவால்ல அண்ணி, ருசியாத்தான் இருக்கு"ன்னாங்க நாத்தனார். அடுத்த வாரம் தவுக்கேசோ கிட்ட சண்டைக்குப் போனேன், அவங்க சிரிச்சிட்டு, "இத்து சுமுவா ஜந்தான் லா, எல்லாம் ஆம்பள, நீதான் டாக்டர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பாத்த, என்னைய எங்க கேட்ட?"ன்னு சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்து தொட்டியிலருந்து ஒன்ன எடுத்துத் திருப்பி, கடைசிக் கால் ஒடம்போட சேர்ற எடத்துல நகத்த வெச்சு "சினி தெங்கோக்"ன்னு காட்டினாங்க. இங்க பாரு.

அன்னைக்குப் புரிஞ்சது, வீடியோவுல அந்த ஆள் சொன்னதுல தப்பே இல்ல, ஆனா அது வேற லாப்ஸ்டர். அவர் கையில இருந்தது பாஸ்டன் லாப்ஸ்டர், என் கையில இருந்தது உடாங் காரா. ரெண்டுக்கும் பேருதான் ஒன்னு, அடிவயித்து அமைப்பு வேற. அதனால புதுசா கத்துக்கறவங்க முதல்ல ஆம்பளயா பொம்பளயான்னு பாக்கக் கூடாது, இது எந்த லாப்ஸ்டர்னு பாக்கணும்.

முதல்ல: கையில இருக்கறது எது?

நம்ம ஊர்ல லாப்ஸ்டர்னு விக்கறது நாலு ஜாதி. ரெண்டு பெரிய கொடுக்கு இருந்து அதுல ரப்பர் பேண்டு போட்டிருந்தா அது பாஸ்டன். கனடா, அமெரிக்காவோட வடகிழக்குக் கடல், குளிர் தண்ணிப் பிராணி, ப்ளேன்ல வருது, அதான் ரெஸ்டாரண்ட்ல அந்தத் தொட்டி மட்டும் ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கும், நம்ம கடல் தண்ணியோட சூட்டுல அது தாங்காது.

கொடுக்கே இல்லாம, ஒடம்பெல்லாம் முள்ளா, ஒடம்பு நீளத்த விட பெரிசா ரெண்டு மீசை இருந்தா அது உடாங் காரா. தமிழ்நாட்டு மீன்காரங்க சிங்கி இறால்னு சொல்றது இதத்தான். சபா பக்கம், செம்போர்னாவுலருந்து உசுரோட வர்றது பெரும்பாலும் இந்த ஜாதி.

தட்டையா, யாரோ செருப்புக் கால்ல மிதிச்ச மாதிரி இருந்தா உடாங் லோபோக். இங்க பாதிக் கடையில அத க்ரேஃபிஷ்னு சொல்லித்தான் விக்கறாங்க, ஆனா அது க்ரேஃபிஷ் இல்ல, கடல்ல வர்றது. நெசமான க்ரேஃபிஷ் நாலாவது ஜாதி, கொளத்துல வளக்கற நல்ல தண்ணிப் பிராணி, ரெட்கிளான்னு சொல்வாங்க, ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கத்துலயும் பாப்புவா நியூகினியிலயும் உள்ளது, இங்க கொண்டாந்து வளக்கறாங்க. சின்ன கொடுக்கு உண்டு, பாத்தா பாஸ்டனோட குட்டி மாதிரி இருக்கும், ஏமாந்துறாதீங்க.

தூக்கறது

உடாங் காராவ மீசையப் பிடிச்சுத் தூக்காதீங்க, ஒடஞ்சு கையோட வந்துரும், அப்புறம் தவுக்கேசோ உங்க தலையில கட்டிருவாங்க. முதுகு ஓட்ட மேலருந்து, மீசைக்குப் பின்னாடி, தடிச்ச துணி இல்ல கையுறை போட்டுப் பிடிக்கணும். முள்ளெல்லாம் முன்னாடி பாத்து சாஞ்சிருக்கும், அதனால பின்னாலருந்து முன்னால கை வழுக்கினா ஒன்னும் ஆகாது, திருப்பி இழுத்தா கிழிச்சிரும். தூக்கின ஒடனே வால மடக்கி மடக்கி பட்டு பட்டுன்னு அடிக்கும், வால் ஓரத்து முள்ளுதான் விரலப் பதம் பாக்கறது. மீசையோட அடிய ஒரசி கிறீச் கிறீச்னு சத்தம் வேற போடும், கதவு கீலுக்கு எண்ணெ போடாத மாதிரி. முதல் தடவ அந்தச் சத்தம் கேட்டு நான் தொட்டிக்குள்ளயே போட்டுட்டேன், தண்ணி தெறிச்சு பக்கத்துல நின்ன மலாய்க்கார அக்காவோட தூடோங், தலையில போடற துணி, நனைஞ்சு போச்சு.

பாஸ்டன்ல ரப்பர் பேண்ட மட்டும் கழட்டிராதீங்க, மத்தபடி முதுகப் பிடிச்சா போதும். எதுவா இருந்தாலும் தொடறதுக்கு முன்னால கடைக்காரங்கள ஒரு வார்த்த கேளுங்க, தண்ணிக்கு வெளிய ரொம்ப நேரம் வெச்சிருக்காதீங்க, உசுரோட வித்தாத்தான் அவங்களுக்குக் காசு.

எல்லாத்துக்கும் பொதுவான அடையாளம்: ஓட்ட எந்தக் கால்ல?

இந்த ஒன்ன மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி வேல முடிஞ்சது. லாப்ஸ்டருக்கு அஞ்சு ஜோடிக் கால். ஆம்பளைக்கு விந்து வர்ற ஓட்ட அஞ்சாவது ஜோடியோட, அதாவது வாலுக்கு ஒட்டினாப்ல இருக்கற கடைசிக் கால் ஜோடியோட அடித்தண்டுல இருக்கும். பொம்பளைக்கு முட்டை வர்ற ஓட்ட மூனாவது ஜோடியோட அடித்தண்டுல. நாலு ஜாதிக்கும் இதே கணக்குதான், உடாங் காலா, அதான் நல்ல தண்ணிப் பெரிய இறால், அதுக்கும் இதேதான்.

எண்றதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. வாய்க்குப் பக்கத்துல சின்னச் சின்னதா கால் மாதிரியே ஆடிட்டு இருக்கும், அது தின்றதுக்கு உள்ளது, கால் இல்ல, அதையும் சேத்து எண்ணினா கணக்கே மாறிரும். அப்புறம் பாஸ்டன்ல அந்தப் பெரிய கொடுக்குதான் முதல் ஜோடிக் கால், அத விட்டுட்டு எண்ணினாலும் தப்பு. அதனால நான் முன்னாலருந்து எண்றதே இல்ல. வால் பக்கத்துலருந்து எண்ணுவேன். கடைசி ஜோடி ஒன்னு, அதுக்கு முன்னது ரெண்டு, அதுக்கு முன்னது மூனு. மொத்தம் அஞ்சு ஜோடிதானே, எந்தப் பக்கத்துலருந்து எண்ணினாலும் மூனாவது நடுவுலதான் வரும். நடு ஜோடியில ஓட்ட இருந்தா பொம்பள, கடைசி ஜோடியில இருந்தா ஆம்பள. ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க, மறக்காது.

பாக்க எப்படி இருக்கும்னா, வளந்த ஆம்பள உடாங் காராவுல கடைசிக் காலோட அடியில ரெண்டு பக்கமும் பருப்பு மாதிரி மேடா தடிச்சு நிக்கும், கண்ணு தெரியாதவங்க கூட தடவிக் கண்டுபிடிச்சிரலாம். பொம்பளைக்கு அப்படி மேடு கிடையாது, நடுக்கால் தண்டுல உள்பக்கமா மெல்லிசா தோல் மூடின சின்ன முட்டை வடிவப் பொட்டு இருக்கும், அவ்ளோதான். கால மெதுவா வெளிய விரிச்சு, போன் லைட்ட அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதனால புதுசா கத்துக்கறவங்க முதல்ல கடைசிக் காலப் பாருங்க, மேடு இருக்கா, ஆம்பள, முடிஞ்சது. இல்லன்னா அப்புறம் நடுக்கால்.

ஐஸ்ல வெச்சதா இருந்தாலும், அவிச்சதா இருந்தாலும் இந்த அடையாளம் மாறாது. ரெஸ்டாரண்ட்ல முழுசா கொண்டாந்து வெச்சாங்கன்னா திருப்பிப் பாருங்க, நான் பாப்பேன், என் மவ "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க"ன்னு சொல்வா.

உடாங் காராவுக்கு மட்டும்: பொம்பளையோட குட்டி கிடுக்கி

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம், ஏன்னா ஓட்டயத் தேடி லைட் அடிக்க வேண்டாம். கடைசி ஜோடிக் காலோட நுனியப் பாருங்க. ஆம்பளைக்கு அது சாதாரணமா ஒத்த நகமா முடியும், மத்த காலெல்லாம் எப்படியோ அப்படி. பொம்பளைக்கு அந்த ஒரு ஜோடியில மட்டும் நுனிக்குக் கொஞ்சம் முன்னால ஒரு சின்ன முள் எதிர்ப்பக்கமா நீட்டிட்டு இருக்கும், நகமும் அந்த முள்ளும் சேந்து புருவ முடி பிடுங்கற கிடுக்கி மாதிரி. கொடுக்கே இல்லாத ஜாதியில இது ஒன்னுதான் கொடுக்கு, அதுவும் பொம்பளைக்கு மட்டும்.

எதுக்குன்னா, உடாங் காரா சேரும்போது ஆம்பள விந்த நேரா உள்ள விடாது, பொம்பளையோட நெஞ்சுல, கால்களுக்கு நடுவுல உள்ள தட்டையான ஓட்டு மேல பசை மாதிரி அப்பிட்டுப் போயிரும். அது இறுகி கறுப்பா, சாம்பலா, ரோட்டுத் தார் ஒட்டின மாதிரி ஆயிரும். முட்டை விடற நேரம் வந்ததும் பொம்பள அந்தக் கிடுக்கிய வெச்சு அந்தத் தார சொரண்டும், சொரண்டச் சொரண்ட விந்து வெளிய வந்து முட்டையோட சேரும். அப்புறம் வாலுக்கு அடியில ஒட்டின முட்டைய கலைச்சு விட்டு சுத்தம் பண்றதும் அதே கிடுக்கிதான்.

இத ஏன் நீட்டி சொல்றேன்னா, நெஞ்சுல இருக்கற அந்தக் கறுப்புத் திட்ட அழுகல்னு நினைச்சு வேணாம்னு சொல்றவங்களப் பாத்திருக்கேன். ஒரு அங்கிள் என் கண்ணு முன்னாடி சாவியால சொரண்டிட்டு "கெட்டுப் போச்சு"ன்னு கீழ வெச்சாரு. அது அழுகல் இல்ல, கல்யாணம் ஆன அடையாளம். அந்தத் திட்டு இருந்தா நூத்துக்கு நூறு பொம்பளதான், வேற எதையும் பாக்க வேண்டாம். இல்லன்னா ஆம்பளன்னு அர்த்தம் இல்ல, இன்னும் சேராத பொம்பளயாவும் இருக்கலாம்.

வாலுக்கு அடியில துடுப்பு

நான் ஏமாந்த எடம் இதுதான், அதனால பொறுமையா படிங்க.

பாஸ்டனுக்கு வால்ல முதல் கட்டத்துலருந்து அஞ்சு ஜோடி துடுப்பு இருக்கு. அந்த முதல் ஜோடி, காலுக்கு ஒட்டினாப்ல இருக்கறது, ஆம்பளைக்கு எலும்பு மாதிரி கெட்டியா, பள்ளமா, ரெண்டும் சேந்து முன்னால பாத்து படுத்திருக்கும், விந்த பொம்பளையோட நெஞ்சுப் பைக்குள்ள செலுத்தறதுக்கு அதுதான் உதவுது. பொம்பளைக்கு அதே ஜோடி மெல்லிசா, நூல் மாதிரி, இறகு மாதிரி, தொட்டா மடங்கிரும். ரெண்ட ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டீங்கன்னா கண்ண மூடிட்டுச் சொல்லலாம். பாஸ்டனுக்கு இதவிட சுலபமான வழியே கிடையாது, காலெல்லாம் எண்ணிட்டு இருக்க வேண்டாம்.

உடாங் காராவுக்கு முதல் கட்டத்துல துடுப்பே கிடையாது. ஆம்பளைக்கும் கிடையாது, பொம்பளைக்கும் கிடையாது. ரெண்டாவது கட்டத்துலருந்துதான் ஆரம்பம், மொத்தம் நாலே ஜோடி, அதுல எதுவும் எலும்பு மாதிரி கெட்டியா இருக்காது. நான் தொட்டது ரெண்டாவது கட்டத்துத் துடுப்பு. அது எந்த உடாங் காராவுலயும் மெத்துன்னுதான் இருக்கும்!

அப்போ உடாங் காராவுல தொடக் கூடாது, எண்ணணும். ஆம்பளைக்கு ஒவ்வொரு துடுப்பும் ஒத்த இலை, வெத்தல மாதிரி, அவ்ளோதான். பொம்பளைக்கு ரெட்டை. முதல் ஜோடியில ரெண்டு இலையும் அகலமா இருக்கும், பின்னால உள்ள ஜோடிகள்ல வெளிப்பக்கம் இலை, உள்பக்கம் கவட்டை மாதிரி ஒரு குச்சி, அந்தக் குச்சியில வளந்த பொம்பளைக்கு முடி நீளமா இருக்கும். முட்டை ஒட்டிக்கறது அந்த முடியிலதான். ஈரமா இருக்கும்போது ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒன்னு மாதிரி தெரியும், ஒரு பல்குத்தும் குச்சியால மெதுவா பிரிச்சுப் பாருங்க, இல்லன்னா ஒரு கிண்ணம் தண்ணிக்குள்ள வால முக்கினா தானாவே விரிஞ்சிரும்.

தலை இல்லாம உறைய வெச்ச வால் மட்டும் வாங்கறவங்களுக்கு இந்தத் துடுப்பு மட்டும்தான் வழி, கால்தான் இல்லயே. அதுல கூட சில பேர் துடுப்பெல்லாம் வெட்டி சுத்தம் பண்ணி அனுப்பிருவாங்க, அப்போ ஒன்னும் பண்ண முடியாது, சமைச்சு சாப்பிடுங்க.

மத்த ரெண்டு ஜாதி, சுருக்கமா

உடாங் லோபோக்குக்கு ஓட்டக் கணக்கே போதும், நடு ஜோடி, கடைசி ஜோடி. வளந்த பொம்பளைக்கு துடுப்பும் பெரிசா இருக்கும்.

ரெட்கிளாவுக்கு பேரே அடையாளம். வளந்த ஆம்பளையோட கொடுக்குல வெளி ஓரமா சிவப்பா ஒரு திட்டு இருக்கும், தொட்டா அந்த எடம் மட்டும் ஓடு மாதிரி இல்லாம தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும். பொம்பளைக்கு அது கிடையாது. ஆனா சின்ன வயசு ஆம்பளைக்கும் அது இருக்காது, அதனால சிவப்பு இல்லன்ன ஒடனே பொம்பளன்னு கொளத்துல விட்டு குஞ்சு பொரிக்கும்னு காத்திருக்காதீங்க, கால் அடியில பாருங்க. பாஸ்டனுக்குச் சொன்ன முதல் துடுப்பு வித்தையும் இதுக்கு வேல செய்யாது, இதுக்கும் முதல் கட்டத்துல துடுப்பு இல்ல. இன்னொன்னு, ரெட்கிளாவுல ரெண்டு ஓட்டயும் சேந்து இருக்கற கலப்பும் அப்பப்ப வரும், அதப் பாத்து நான் சொன்னது பொய்னு நினைக்காதீங்க.

எத நம்பக் கூடாது

நண்டு வாங்கி பழகினவங்களுக்கு வர்ற தப்பு, அகலத்தப் பாக்கறது. நண்டுக்கு வயித்து மூடி கூம்பா இருந்தா ஆம்பள, அகலமா வட்டமா இருந்தா பொட்டன்னு எங்க அம்மா தூரத்துலருந்தே சொல்லிருவாங்க. லாப்ஸ்டருக்கும் பொம்பளைக்கு வால் கொஞ்சம் அகலம்தான், முட்டைய சுமக்கணுமே. ஆனா ஒரே ஜாதி, ஒரே எடை, பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஒத்தையா ஒன்ன கையில வெச்சிட்டு இது அகலமா ஒல்லியான்னு யோசிச்சா நீங்க எத ஆசப்படறீங்களோ அதுதான் தெரியும். பாஸ்டன் ஆம்பளைக்கு கொடுக்கு பெரிசுங்கறதும் அப்படித்தான், ஒன்னு ஒடஞ்சு திரும்ப மொளச்சதா இருந்தா சின்னதா இருக்கும்.

கலர சுத்தமா மறந்துருங்க. பச்சையும் வெள்ளப் பட்டையுமா அழகா இருக்கறது பொம்பள, மங்கலா இருக்கறது ஆம்பளன்னு ஒரு கதை இங்க ஓடிட்டு இருக்கு. அது ஆம்பள பொம்பள இல்ல, ஜாதியே வேற. உடாங் காராவுலயே பல வகை. கால்ல நீளவாக்குல வெள்ளக் கோடு ஓடறது பவளப்பாறைப் பக்கம் உள்ள வகை, வால்ல ஒவ்வொரு கட்டத்துலயும் குறுக்கால மெல்லிசா வெள்ளக் கோடு போட்டு மங்கலா இருக்கறது சேத்துத் தரைக் கடல்ல உள்ள வகை. எல்லாத்துலயும் ஆம்பளயும் இருக்கு பொம்பளயும் இருக்கு.

ரொம்பச் சின்னதா இருந்தா மேடும் தெரியாது, கிடுக்கியும் சரியா தெரியாது. அவ்ளோ சின்னத வாங்கவும் வேண்டாம், ஓடு போக என்ன மிஞ்சும்? இந்தியாவுல 2003-லருந்து சிங்கி இறால் ஏற்றுமதிக்கு எடை வரம்பே வெச்சிருக்காங்க, பெரிய வகைக்கு 500 கிராம், சேத்து வகைக்கு 300 கிராம், அதுக்குக் கம்மின்னா அனுப்ப முடியாது.

வெளிய முட்டை, உள்ள சினை

இந்த ரெண்டயும் போட்டுக் குழப்பிக்கறாங்க. வாலுக்கு அடியில துடுப்புல கொத்துக் கொத்தா ஒட்டிட்டு இருக்கறது விட்டு முடிச்ச முட்டை. உடாங் காராவுக்கு முதல்ல நல்ல ஆரஞ்சா இருக்கும், நாளாக ஆக பழுப்பாகி, உள்ள குஞ்சோட கண்ணு கறுப்புப் புள்ளியா தெரியும். நம்ம சூட்டுக் கடல்ல சில வாரத்துல பொரிஞ்சிரும், பாஸ்டனுக்கு குளிர்ல 9 மாசத்துலருந்து 12 மாசம் வரைக்கும் சுமந்துட்டு இருக்கும். இப்படி முட்டையோட இருக்கறத வாங்காதீங்க, ருசிக்காகவும் சொல்றேன், மனசுக்காகவும் சொல்றேன். அந்த முட்டை மொறு மொறுன்னு மணல் மாதிரி இருக்கும், ஒன்னும் சுகமில்ல. அமெரிக்காவுல மேய்ன் மாநிலத்துல முட்டையோட மாட்டினா வால் விசிறியில 'வி' எழுத்து மாதிரி ஒரு வெட்டு வெட்டி கடல்லயே விட்டுருவாங்க, அடுத்த தடவ முட்டை இல்லாம மாட்டினாலும் அந்த வெட்டப் பாத்து விடணும், இது முட்டை விடற பொம்பளன்னு. சட்டம் அது.

சம்பலுக்கு நாம தேடறது உள்ள இருக்கற சினை. முதுகு ஓட்டுக்கு அடியில ரெண்டு நீளக் கோடா இருக்கும். உடாங் காராவுக்கு முத்தின சினை வேகறதுக்கு முன்னாலயே ஆரஞ்சு. பாஸ்டனுக்கு வேகறதுக்கு முன்னால கரும்பச்சையா, பாக்க பயமா இருக்கும், வெந்ததும் செக்கச் செவேல்னு ஆயிரும். வெந்தும் கறுப்பாவே இருந்தா இன்னும் வேகலன்னு அர்த்தம், திருப்பிப் போடுங்க. அதுக்குப் பக்கத்துலயே கொழ கொழன்னு பச்சையா ஒன்னு இருக்கும், வெந்தாலும் பச்சையாவே இருக்கும், அது ஈரல், ஆம்பளைக்கும் உண்டு பொம்பளைக்கும் உண்டு. அதப் பாத்து சினைன்னு சந்தோசப்படாதீங்க. பாஸ்டன் ஈரல பிள்ளைங்களுக்குக் குடுக்க வேண்டாம், பெரியவங்களும் ஒரு நாளைக்கு ஒரு லாப்ஸ்டர் ஈரலுக்கு மேல வேண்டாம்னு கனடா அரசாங்கமே சொல்லியிருக்கு, கடல்ல உள்ள நஞ்செல்லாம் அதுலதான் சேருமாம்.

எல்லாப் பொம்பளைக்கும் சினை இருக்கும்னு சொல்ல முடியாது, இப்பத்தான் முட்டை விட்டதுன்னா உள்ள காலியா இருக்கும். அதனால பொம்பளையாத் தேர்ந்தெடுத்த பிறகு இன்னொரு வேல இருக்கு. முதுகு ஓடும் வாலும் சேர்ற எடத்த கொஞ்சம் வளைச்சு, அந்த மெல்லிசு தோல் வழியா லைட் அடிச்சுப் பாருங்க, சினை முத்தியிருந்தா அந்த எடம் ஆரஞ்சா மின்னும். தவுக்கேசோ சொல்லிக் குடுத்ததுதான் இதுவும், மூனு தடவ பாத்தேன், மூனு தடவயும் சரியா இருந்துச்சு. கறி மட்டும்தான் வேணும், சினை வேண்டாம்னா ஆம்பளயே வாங்குங்க, கறி ருசியில எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

காசு செலவு இல்லாம பழகறது

லாப்ஸ்டர் விலைக்கு பழகறதுக்குன்னு யாரும் வாங்க மாட்டாங்க. அதுக்கு உடாங் காலா இருக்கு. நீளமா நீலக் கொடுக்கோட பெரிசா இருக்கறது ஆம்பளன்னு நம்ம எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும், வயித்துல முட்டையோட இருக்கறது பொம்பள. விடை தெரிஞ்ச கணக்கு மாதிரி. அடுத்த தடவ சமைக்க வாங்கினா கழுவறதுக்கு முன்னால ரெண்டயும் சிங்க்ல மல்லாக்கப் போட்டு, வால் பக்கத்துலருந்து ஒன்னு, ரெண்டு, மூனுன்னு எண்ணிப் பாருங்க. ஓட்ட லாப்ஸ்டர் அளவுக்குப் பெரிசா இருக்காது, ஆனா எங்க தேடணும்னு கண்ணு பழகிரும். புரட்டாசி முடிஞ்ச மறுநாள் நான் ஒரு கிலோ வாங்கி பன்னெண்டையும் அப்படித்தான் எண்ணிட்டு இருந்தேன், பன்னெண்டும் சரியா சொன்னேன், எங்க வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு "ஒரு மாசமா சைவம் சாப்பிட்டவனுக்கு இன்னைக்காவது நேரத்துல சோறு கெடைக்குமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.